சுருள்வில்லும் காரின் உயரமும்

மைசூர் அரண்மனையைச் சுற்றியுள்ள சாலைகளில் குதிரை பூட்டிய டாங்கா வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. அவற்றில் ஒன்றன் அடிப்பகுதியைக் குனிந்து நோக்குவோர், சக்கர அச்சுக்கும் இருக்கைப் பலகைக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகள் அடுக்கிக் கட்டப்பட்டிருப்பதைக் காணலாம். சாலையின் மேடுபள்ளங்களைச் சக்கரம் ஏற்கிறது. பட்டை வளைந்து நிமிர்கிறது. இருக்கையில் அமர்ந்தோர் அவ்வளவு துன்புறுவதில்லை. இன்றைய மோட்டார் காரில் பட்டையின் இடத்தைப் பெரும்பாலும் சுருள்வில் பெற்றுள்ளது. அதன் தொழில் மட்டும் மாறவில்லை.

எம் வீட்டுக்கு அண்மையில் வாழும் இளைஞர் ஒருவர் பழைய சிறு கார் ஒன்றை வாங்கினார். வண்டி தாழ்வாக இருப்பின் பார்வைக்கு அழகாகவும் வளைவுகளில் உறுதியாகவும் இருக்கும் என்பது அவர் எண்ணம். கையில் பணம் குறைவு. பட்டறை ஒன்றில், சுருள்வில்லில் ஒரு சுற்றை அறுத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்று கூறினராம். “ஒரு சுற்றுத்தானே, என்ன ஆகிவிடும்?” என்று அவர் எம்மை வினவினார். அவருடைய தாயும் தங்கையரும் அதே வண்டியில் சாமுண்டி மலைக்குச் சென்று வருபவர்கள். ஆகவே, அவ்வினாவைச் சிரித்துத் தள்ள எமக்கு மனம் வரவில்லை. அவருடன் அமர்ந்து போட்ட கணக்கையே, பள்ளி ஆசிரியர்க்கும் ஜீப்பில் ஊர்ப்புறம் செல்லும் களப்பணியாளர்க்கும் பயன்படுமாறு இங்கு விரித்துரைக்கின்றோம்.

சுருள்வில்லின் இயல்பு

மீள்தன்மையுள்ள பொருளை இழுக்கும் விசையும் அதனால் விளையும் நீட்சியும் ஒன்றுக்கொன்று நேர்விகிதத்தில் இருக்கும் என்னும் விதியை ராபர்ட் ஹூக் 1678-ஆம் ஆண்டில் விளக்கமாக வெளியிட்டார். அமுக்கத்திற்கும் இவ்விதி பொருந்தும். ஒரு சுருள்வில்லை ஒரு சென்டிமீட்டர் அமுக்குவதற்கு வேண்டிய விசையை அதன் விறைப்பு என்கிறோம். இக்கட்டுரையில் விசையைக் கிலோகிராம் எடையில் குறிப்போம். நியூட்டனில் வேண்டுவோர் 9.8 ஆல் பெருக்கிக்கொள்க.

சுருள்வில் அமுங்கும்போது அதன் கம்பி வளைகிறது என்று பலர் கருதுவர். உண்மையில் கம்பி முறுக்கப்படுகிறது. பழைய அம்பாசடர் கார்களின் முன்சக்கரங்களைத் தாங்கிய நேரான முறுக்குத் தண்டு செய்த வேலையும் இதுவே. சுருள்வில் என்பது சுருட்டி வைத்த முறுக்குத் தண்டு எனலாம். நீண்ட கம்பியை முறுக்குவது எளிது, குட்டைக் கம்பியை முறுக்குவது கடினம். ஆதலின் சுற்றுகளின் எண்ணிக்கை குறையக் குறைய விறைப்பு கூடும். ஆறு சுற்று ஐந்தாயின், விறைப்பு ஐந்தில் ஆறு பங்காக, அஃதாவது 1.2 மடங்காக உயரும். கம்பியின் தடிப்போ இன்னும் வலிமையாகச் செயற்படும்: விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் விறைப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும்.

ஒரு சுற்றை அறுத்தால்

கணக்கிற்காக ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். முன்சக்கரம் ஒன்றின் சுருள்வில்மீது 225 கிலோ எடை அமர்ந்துள்ளது. சுருள்வில்லின் விறைப்பு சென்டிமீட்டருக்கு 18 கிலோ. எடையேதும் இல்லாதபோது அதன் நீளம் 35 செ.மீ. அதில் அமுங்கும் சுற்றுகள் ஆறு. ஒவ்வொரு சுற்றின் இடைவெளி 5.5 செ.மீ. எஞ்சிய 2 செ.மீ. இரு முனைகளிலும் அமைந்த, அமுங்காத பகுதி.

225-ஐ 18 ஆல் வகுத்தால் 12.5 வரும். ஆகவே வண்டி நிற்கும்போது சுருள்வில் 12.5 செ.மீ. அமுங்கி, 22.5 செ.மீ. நீளத்தில் நிற்கும்.

இப்போது ஒரு சுற்றை அறுப்போம். நீளம் 29.5 செ.மீ. ஆகிறது, விறைப்பு 21.6 ஆகிறது. 225-ஐ 21.6 ஆல் வகுக்க, அமுக்கம் 10.4 செ.மீ. சுருள்வில் நிற்கும் நீளம் 19.1 செ.மீ. ஆக, வெட்டி எறிந்தது 5.5 செ.மீ.; வண்டி தாழ்ந்தது 3.4 செ.மீ. மட்டுமே. இவ்விரண்டும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணுவது பலரும் செய்யும் பிழை. எடையைத் தாங்கி நிற்கும் நிலையில் ஒரு சுற்று எவ்வளவு உயரத்தை அடைத்திருந்ததோ, அவ்வளவே வண்டி தாழும்.

வண்டியின் ஆட்டமும் மாறுபடும். ஒரு வினாடியில் வண்டி மேலும் கீழும் எத்தனை முறை ஊசலாடும் என்பதை அறிய எளிய வாய்பாடு ஒன்று உண்டு: நிற்கும் நிலையில் உள்ள அமுக்கத்தைச் சென்டிமீட்டரில் கொண்டு, அதன் வர்க்க மூலத்தால் 5-ஐ வகுக்க வேண்டும். முன்பு 1.41 முறை, இப்போது 1.55 முறை. இம்மாற்றம் பெரிதன்று. பயணியர் வண்டிகள் பொதுவாக 1 முதல் 1.5 முறை என்னும் அளவை ஒட்டி அமைக்கப்படுகின்றன. மனித உடல் செங்குத்து அதிர்வை மிகக் கூர்மையாக உணர்வது வினாடிக்கு 4 முதல் 8 முறை என்னும் எல்லையில்தான். இக்கணக்கை மட்டும் பார்ப்போர், ஒரு சுற்றை அறுப்பதில் தீங்கில்லை என்று முடிவு கட்டிவிடுவர். இடர் வேறு இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கிறது.

முதல் இடர்: குறைந்துவிட்ட இயங்கு தூரம்

சக்கரம் மேலே ஏறுவதற்கு எல்லை உண்டு. அவ்வெல்லையில் ரப்பர் தடைக்கட்டை ஒன்று காத்திருக்கும். நம் எடுத்துக்காட்டில், வண்டி நிற்கும் நிலையிலிருந்து தடைக்கட்டை வரை 7.5 செ.மீ. தூரம் என்று கொள்வோம். வண்டியை 3.4 செ.மீ. தாழ்த்தியபின் எஞ்சுவது 4.1 செ.மீ.

மேட்டில் மோதும்போது உண்டாகும் ஆற்றலை இத்தூரத்திற்குள் சுருள்வில் ஏற்றாக வேண்டும். அது ஏற்கும் ஆற்றல், விறைப்பின் பாதியைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். முன்பு: 9 × 7.5 × 7.5, அஃதாவது 506. இப்போது: 10.8 × 4.1 × 4.1, அஃதாவது ஏறக்குறைய 182. ஏற்கும் திறன் மூன்றில் ஒரு பங்கினும் சற்றே மிகுதியாகக் குன்றிவிட்டது. மிகுதி ஆற்றல் எங்குச் செல்லும்? தடைக்கட்டையை நசுக்கி, உடற்கூட்டின் இணைப்புகளையும் பயணியரின் முதுகெலும்பையும் தாக்கும்.

விறைப்பை இன்னும் கூட்டி இக்குறையை நிரப்பலாமே எனின், பழைய ஆற்றலையே 4.1 செ.மீ. தூரத்தில் ஏற்க விறைப்பு 60 ஆக உயர வேண்டும். அது முன்னதைப் போல் மூன்று மடங்கிற்கும் மேல். அப்போது ஊசல் வினாடிக்கு 2.6 முறையை எட்டும். பந்தயச் சாலைக்கு ஏற்ற அவ்வண்டி குடும்பத்தோடு செல்வதற்கு ஏற்றதன்று. தூரம் வர்க்கமாக வருவதால், சிறிது தூரத்தை இழப்பதே பேரிழப்பாக முடிகிறது.

இரண்டாம் இடர்: தொங்கும் சக்கரம்

சக்கரம் கீழே இறங்குவதற்கும் எல்லை உண்டு. பெரும்பாலான சிறு கார்களின் முன்சக்கரத்தில் அவ்வெல்லையை வகுப்பது அதிர்வுத் தணிப்பான். பட்டறையார் இதனை ஷாக் அப்சார்பர் என்பர். நம் எடுத்துக்காட்டில் அது நிற்கும் நிலையிலிருந்து மேலும் 7.5 செ.மீ. நீளக்கூடியது என்று கொண்டால், சக்கரம் முழுதும் தொங்கும்போது சுருள்வில்லுக்குக் கிடைக்கும் இடம் 22.5 + 7.5 = 30 செ.மீ.

பழைய சுருள்வில்லின் இயல்பான நீளம் 35 செ.மீ. ஆகவே தொங்கும் நிலையிலும் அது 5 செ.மீ. அமுங்கி, 90 கிலோ விசையுடன் தன் இருக்கையில் இறுகி நிற்கும். அறுக்கப்பட்டதன் நீளமோ 29.5 செ.மீ. இடம் 30 செ.மீ. அரை சென்டிமீட்டர் வெற்றிடம் உண்டாகிவிட்டது. வேகத்தடையை விரைந்து கடந்து சக்கரம் ஒரு கணம் தரையை விட்டு எழும்போது, சுருள்வில் எப்பிடிப்பும் இன்றி ஆடும். மீண்டும் எடை விழும்போது இருக்கையில் சரியாக அமருமா என்பதற்கு உறுதியில்லை. இரண்டு சுற்றை அறுத்தால் வெற்றிடம் 6 செ.மீ. ஆகும். மலைச்சாலை வளைவில் சுருள்வில் இருக்கையை விட்டு விலகினால் நேர்வதை விளக்க வேண்டியதில்லை.

இக்கணக்கை அவ்விளைஞர் உடனே நம்பவில்லை. ஏற்கெனவே இவ்வாறு அறுத்துக்கொண்ட அவர் நண்பரின் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஜாக்கியால் உயர்த்திச் சக்கரத்தைத் தொங்கவிட்டோம். சுருள்வில்லைக் கையால் பற்றி அசைக்க முடிந்தது. அதன்பின் அவர் வாதிக்கவில்லை.

செலவு குறைந்த முறைகளும் அவற்றின் தகுதியும்

வாயுச் சுடரால் சூடாக்கி அமிழ்த்துவது முதலாவது முறை. இது முற்றிலும் விலக்கத்தக்கது. வில்லெஃகு உயர் வெப்பத்திலிருந்து திடீரெனக் குளிர்விக்கப்பட்டு, பின் அளவான வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டது. சுடர் பட்ட இடத்தில் அப்பதம் கெடும். விறைப்பு அநேகமாக மாறாது. ஆனால் நிலையாக உருக்குலையாமல் தாங்கும் எல்லை தாழ்ந்துவிடும். அத்தகைய வில் நாளடைவில் மேலும் அமிழும். அல்லது பதம் மாறும் எல்லையில் முறியும்.

சுழலும் அரத்தட்டால் குளிர்ந்த நிலையில் அறுப்பது இரண்டாவது. பதம் கெடாது என்பது உண்மையே. எனினும் மேலே கூறிய இரு இடர்களும் அப்படியே நிற்கும். முனை தட்டையாக்கப்பட்ட வில்லிலும், முனை குறுகி வளைந்த வில்லிலும், அறுத்தபின் இருக்கையில் பொருந்தும் வடிவமே போய்விடும்.

சுற்றுகளை இறுக்கிப் பிணைக்கும் கவ்விகளை மாட்டுவது மூன்றாவது. கவ்வி தொடும் இடத்தில் தகைவு குவியும். கவ்வி நழுவினால் வண்டியின் ஒரு மூலை திடீரென உயரும்.

அவ்வண்டிக்கென்றே வடிவமைக்கப்பட்ட குட்டைச் சுருள்வில் தொகுதியைப் பொருத்துவது நான்காவது. இது மட்டுமே கருதத்தக்கது. நல்ல தொகுதியில் சில சுற்றுகள் நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். வண்டி நிற்கும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டி ஒதுங்கிக்கொள்ளும். சக்கரம் தொங்கும்போது விரிந்து வெற்றிடத்தை நிரப்பும். இரண்டாம் இடர் இவ்வாறு நீங்குகிறது. முதல் இடர் எவ்வகையிலும் முற்றும் நீங்காது. தாழ்வின் அளவைச் சிறிதாக வைத்துக்கொள்வதே அதற்கு மருந்து. விறைப்பு கூடுவதற்கேற்பத் தணிப்பானின் வலிமையும் கூட வேண்டும். தேய்ந்த தணிப்பானுடன் புதிய வில்லை இணைப்பது பயனற்ற செலவு.

பெறும் பயன் எவ்வளவு?

தாழ்ந்த வண்டி வளைவில் குறைவாகச் சாயும் என்பது மெய். வளைவில் உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு எடை இடம்பெயர்கிறது. 900 கிலோ வண்டி, ஈர்ப்பு மையத்தின் உயரம் 55 செ.மீ., இடவலச் சக்கரங்களுக்கு இடைத்தூரம் 135 செ.மீ. எனக் கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் நான்கு பங்கு அளவுள்ள பக்க முடுக்கத்தில் இடம்பெயரும் எடை 147 கிலோ. மையத்தை 3.4 செ.மீ. தாழ்த்தினால் அது 138 கிலோ ஆகும். நூற்றுக்கு ஆறு பங்கு ஆதாயம். விறைத்த வில்லால் சாய்வு மேலும் சிறிது குறையும். நல்ல டயர்களும் சரியான காற்றழுத்தமும் இதனினும் மிகுந்த உறுதியை, இதனினும் குறைந்த இடருடன் தரக்கூடும்.

வேகத்தடையும் அடிப்புற இடைவெளியும்

இந்தியச் சாலைகள் மாநாட்டு அமைப்பின் வழிகாட்டு நெறியின்படி, பொதுப் போக்குவரத்துக்குரிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட, 17 மீட்டர் ஆரமுள்ள வில்வடிவ மேடாகும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கானது. முன்பின் சக்கரங்களுக்கு இடையே 2.4 மீட்டர் தூரமுள்ள கார் அதன் நடுவில் நிற்கும்போது, மேடு வண்டியின் வயிற்றை நோக்கி 4.2 செ.மீ. மட்டுமே புடைத்து நிற்கும். தாழ்த்திய காரும் இதனை எளிதில் கடக்கும்.

ஆனால் ஊர்ப்புறத்தில் காணும் வேகத்தடைகள் பல குறுகியவை, செங்குத்தானவை. ஒரு மீட்டர் அகலமுள்ள மேடு, முன்பின் சக்கரங்களுக்கு இடையே முழுதும் அடங்கிவிடும். அதன் முழு உயரமும் அடிப்புற இடைவெளியிலிருந்து கழியும். 17 செ.மீ. இடைவெளியுள்ள காரைத் தாழ்த்தி, நால்வரை ஏற்றினால் எஞ்சுவது ஏறத்தாழ 10 செ.மீ. 15 செ.மீ. மேடு எண்ணெய்த் தொட்டியையோ புகைக்குழாயையோ தட்டாமல் விடாது.

சட்டம் கூறுவது

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் வகுத்த விவரங்களினின்றும் பதிவுச் சான்று மாறுபடுமாறு வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டு நிறைவேறிய திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எனவே, வில்லை மாற்ற விரும்புவோர் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்தல் வேண்டும்.

மாற்றியபின் நோக்க வேண்டியவை

1. சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மேல்வளைவு வரையுள்ள உயரத்தை நான்கு மூலைகளிலும் அளந்து, இடமும் வலமும் ஒத்திருத்தலை உறுதி செய்க.

2. சக்கரத்தைத் தொங்கவிட்டு, சுருள்வில் இறுகி நிற்கிறதா என நோக்குக. இச்சோதனையின்போது வண்டியை உறுதியான தாங்கிகளின்மீது நிறுத்துக; ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நீட்டற்க.

3. ஸ்டியரிங்கை இரு எல்லைகளுக்கும் திருப்பி, டயரோ பிரேக் குழாயோ எங்கும் உரசாமை காண்க.

4. சக்கரங்களின் நேர்த்தியைச் சரிபார்க்கவும். உயரம் மாறினால் அவற்றின் கோணங்களும் மாறும். டயர் ஓரம் விரைவில் தேயும்.

5. முகப்பு விளக்குகளின் நோக்கை மீண்டும் அமைக்கவும்.

6. சில வண்டிகளில் பின்பிரேக்கின் அழுத்தத்தைச் சுமைக்கேற்ப மாற்றும் வால்வு பின்அச்சுடன் இணைக்கப்பட்டிருக்கும். பின்புறம் தாழ்ந்தால், வண்டியில் சுமை ஏறிவிட்டதாகக் கொண்டு அது பின்பிரேக்கை மிகுவிக்கும். ஈரச் சாலையில் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். இவ்வால்வு உண்டா என்பதை முன்னரே அறிக.

களப்பணியாளர்க்கு ஒரு சொல்: நாட்பட்ட ஜீப்பில் தளர்ந்துபோன வில், யாரும் அறுக்காமலே தாழ்த்தப்பட்ட வில்லாகும். மேலே கூறிய முதல் அளவை ஆண்டிற்கு இருமுறை எடுத்து வண்டிப் பதிவேட்டில் குறித்து வந்தால், தளர்ச்சி முன்கூட்டியே புலப்படும்.

வகுப்பறைச் சோதனை

நூறு கிராம் எடைக்கு 4 செ.மீ. நீளும் மெல்லிய சுருள்வில் ஒன்றைத் தாங்கியில் தொங்கவிடுக. இருநூறு கிராம் எடையை மாட்டினால் 8 செ.மீ. நீளும். மெல்ல இழுத்துவிட்டு, இருபது ஊசல்களுக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிடுக; ஏறத்தாழ 11.3 வினாடி ஆகும். பின்பு வில்லின் நடுச்சுற்றைக் கவ்வியில் பிடித்து, கீழ்ப்பாதியை மட்டும் ஆடவிடுக. அதே எடைக்கு நீட்சி 4 செ.மீ. ஆகும், இருபது ஊசலுக்கு 8 வினாடி ஆகும். வில்லின் சொந்த நிறையால் சிறு வேறுபாடு தோன்றலாம். பாதியாக்கிய வில் இருமடங்கு விறைக்கும் என்பதை மாணவர் இவ்வாறு தம் கண்ணாலேயே காண்பர்.

பயிற்சி வினாக்கள்

1. நிற்கும் நிலையில் 16 செ.மீ. அமுங்கும் வில்லுடைய வண்டி வினாடிக்கு எத்தனை முறை ஊசலாடும்? (விடை: 1.25)

2. எட்டுச் சுற்றுள்ள வில்லில் இரண்டை அறுத்தால் விறைப்பு எத்தனை மடங்காகும்? (விடை: 1.33)

3. முன்பின் சக்கரங்களுக்கு இடையே 2.5 மீட்டர் தூரமுள்ள கார், நெறிப்படி அமைந்த வேகத்தடையைக் கடக்கையில் நடுவில் எவ்வளவு இடைவெளி கழியும்? (விடை: 4.6 செ.மீ.)

அவ்விளைஞர் இறுதியில் வில்லை மாற்றவில்லை. சேமித்த பணத்தில் தேய்ந்த தணிப்பான்களையும் கட்டுறுதி இழந்த ரப்பர் இணைப்புகளையும் புதுப்பித்து, சக்கரங்களை நேர் செய்துகொண்டார். வண்டி முன்னிருந்த உயரத்திலேயே நிற்கிறது. வளைவில் ஆட்டம் குறைந்துவிட்டது என்கிறார். ஓர் அளவுநாடாவும் ஐந்தாம் வகுப்பு வகுத்தலும் இத்தீர்மானத்துக்குப் போதுமானவையாக இருந்தன. அறுக்கும் முன் அளத்தல் என்னும் பழக்கத்தை மாணவரிடம் வளர்ப்பது ஆசிரியரின் கையில் உள்ளது.